ஓட்டைப் பிரிக்க வந்தவரா? அதிபர் தேர்தல்களில் மூன்றாவது வேட்பாளர்

தேர்தல் நெருங்கினால் தோட்டத்து ஒட்டுக்கடையிலும் பட்டணத்து உணவகத்திலும் ஒரு வாசகம் தவறாமல் காதில் விழும். “அவரு ஜெயிக்க வரல, ஓட்டப் பிரிக்க வந்திருக்காரு” என்பதே அது. மும்முனைப் போட்டி, நான்கு முனைப் போட்டி என்பதெல்லாம் மலேசிய வாக்காளர்களுக்குப் பழகிப்போன சொற்கள்.

2018ஆம் ஆண்டு 14ஆவது பொதுத் தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் ம.இ.கா.வின் சிவராஜ் 597 வாக்கு வித்தியாசத்தில் ஜ.செ.க.வின் மனோகரனை வென்றார். அங்கே பாஸ் கட்சி 3,587 வாக்குகளும், மலேசிய சோசலிசக் கட்சியின் சுரேஷ் குமார் 680 வாக்குகளும் பெற்றனர். 597ஐ விட 680 பெரிது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத ஆள் அந்த மலையில் அன்று இருந்திருக்க மாட்டார். (அந்தத் தேர்தல் முடிவைப் பின்னர் நீதிமன்றம் இரத்து செய்ததும், மறுதேர்தல் நடந்ததும் வேறு கதை.)

நாடாளுமன்றத் தேர்தலில் 222 தொகுதிகள். ஓரிடத்தில் ஓட்டுப் பிரிந்து தோற்ற கட்சி இன்னோர் இடத்தில் அதே பிரிவினால் வெல்லக்கூடும். அதிபர் தேர்தலில் இருப்பதோ ஒரே நாற்காலி. இரண்டாவதாக வந்தவருக்கு ஆறுதல் பரிசு எதுவும் இல்லை. அதனால்தான் அதிபர் தேர்தலில் மூன்றாவதாக நிற்பவர் மீது விழும் பழியும் பெரியது. அந்தப் பழி எப்போது உண்மை, எப்போது வெறும் சாக்கு என்பதை நடந்த தேர்தல்களைக் கொண்டே பார்க்கலாம்.

அடிமை முறையை எதிர்த்தவர்கள் கண்ட பலன்

மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று 1844ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல். ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க்கும் விக் கட்சியின் ஹென்றி கிளேயும் மோதினர். அடிமைகளை வைத்திருந்த டெக்சாஸை நாட்டோடு இணைக்க வேண்டும் என்றவர் போல்க். கிளே அவசரமாக இணைப்பதை விரும்பவில்லை. ஆனால் கிளேயும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ‘இரண்டு பேரும் வேண்டாம்’ என்று முடிவு செய்த அடிமை முறை எதிர்ப்பாளர்கள் லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பிர்னிக்கு வாக்களித்தார்கள்.

நியூயார்க் மாநிலத்தில் பிர்னிக்குக் கிடைத்தவை 15,000க்கும் மேற்பட்ட வாக்குகள். அங்கே போல்க் வென்றது ஏறக்குறைய 5,000 வாக்குகளில். நியூயார்க் கைமாறியிருந்தால் கிளேதான் அதிபர். போல்க் வென்றார். மறு ஆண்டே டெக்சாஸ் அடிமை மாநிலமாக அமெரிக்காவில் சேர்ந்தது. அடிமை முறையை மற்ற எல்லாரையும் விட அதிகமாக வெறுத்தவர்களின் ஓட்டு, அதைப் பரப்ப நினைத்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு அன்று தொடங்கியது. அந்த மக்கள் தங்கள் மனசாட்சிக்குத்தான் வாக்களித்தார்கள் என்பதும் மறுக்க முடியாதது.

1912இல் நடந்தது அண்ணன் தம்பி சண்டை போன்றது. குடியரசுக் கட்சியின் அதிபர் டாஃப்ட் மறுபடியும் நின்றார். அவரை அரசியலில் வளர்த்துவிட்ட முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், கட்சி தமக்கு இடம் தரவில்லை என்று கோபித்துக்கொண்டு முற்போக்குக் கட்சி என்ற பெயரில் தனியே நின்றார். ரூஸ்வெல்ட்டுக்கு 27 விழுக்காடு, டாஃப்ட்டுக்கு 23 விழுக்காடு. சேர்த்தால் பாதியைத் தாண்டும். ஆனால் ஏறக்குறைய 42 விழுக்காடு மட்டுமே பெற்ற ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் 531 தேர்வாளர் வாக்குகளில் 435ஐ அள்ளிக்கொண்டு போனார். பதவியில் இருந்த டாஃப்ட்டுக்குக் கிடைத்தவை 8.

புளோரிடாவின் 537 வாக்குகள்

அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் வாக்குகள் என்று உண்டு. மொத்தம் 538. வெல்ல 270 வேண்டும். மேய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரே ஓட்டு அதிகம் பெற்றாலும் அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளும் அவருக்கே. எனவே நாடு முழுவதும் சில விழுக்காடு மட்டுமே வாங்கும் வேட்பாளர்கூட, இழுபறியாக இருக்கும் ஒரு மாநிலத்தில் ஆட்சியையே மாற்றிவிட முடியும்.

2000ஆம் ஆண்டு அதுதான் நடந்தது. குடியரசுக் கட்சிக்கு ஜார்ஜ் புஷ், ஜனநாயகக் கட்சிக்குத் துணை அதிபர் அல் கோர். மூன்றாவதாகப் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர். நேடர் சாதாரண ஆள் அல்லர். கார்களில் பாதுகாப்பு இல்லை என்று 1965இல் புத்தகம் எழுதி, பெரிய கார் நிறுவனங்களை எதிர்த்து நின்று, வாகனப் பாதுகாப்புச் சட்டம் வரக் காரணமானவர். இன்று காரில் ஏறியதும் இடுப்புப் பட்டை மாட்டும் ஒவ்வொருவருக்கும் அவரது உழைப்பில் ஒரு பங்கு உண்டு. இரண்டு பெரிய கட்சிகளும் முதலாளிகளின் கையில் இருக்கின்றன, இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர் வாதம். 5 விழுக்காடு வாக்கு கிடைத்தால் அடுத்த தேர்தலில் கட்சிக்கு அரசாங்கப் பணம் கிடைக்கும் என்ற கணக்கும் இருந்தது.

கோரின் ஆதரவாளர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். வெற்றி ஏற்கெனவே உறுதியான மாநிலங்களில் மட்டும் நில்லுங்கள், இழுபறி மாநிலங்களை விட்டுவிடுங்கள் என்றார்கள். இணையத்தில் ‘ஓட்டுப் பரிமாற்றம்’கூட நடந்தது. புளோரிடாவில் இருக்கும் நேடர் ஆதரவாளர் கோருக்குப் போடுவார். பதிலுக்கு, புஷ் எப்படியும் வெல்லும் டெக்சாஸில் இருக்கும் கோர் ஆதரவாளர் நேடருக்குப் போடுவார். முகம் தெரியாத இருவரின் வாய்ச்சொல் ஒப்பந்தம்தான் இது. நம்பிக்கையைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை.

நாடு முழுவதும் கோருக்கு புஷ்ஷை விட ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அதிகம். ஆனால் 25 தேர்வாளர் வாக்குகள் கொண்ட புளோரிடாவில் புஷ்ஷுக்கு 2,912,790, கோருக்கு 2,912,253. வித்தியாசம் 537. நேடருக்கு அங்கே 97,488. மறு எண்ணிக்கை, வழக்கு என்று ஒரு மாதத்துக்கும் மேல் இழுத்து, டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தியது. 271க்கு 266 என்ற கணக்கில் புஷ் அதிபரானார்.

நேடருக்கு விழுந்த வாக்குகள் எல்லாம் கோருக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போடுவது தவறு. சிலர் புஷ்ஷுக்குப் போட்டிருப்பார்கள், சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். புளோரிடாவின் வாக்குச் சீட்டுகளையே பின்னாளில் ஆராய்ந்த அரசியல் துறை அறிஞர்கள், நேடர் வாக்காளர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் கோர் பக்கமும் 40 விழுக்காட்டினர் புஷ் பக்கமும் சாய்ந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். பலர் நினைத்ததை விட இது மிகக் குறைந்த வேறுபாடு. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். அந்த 97,488 பேரில் 36 பேருக்கு ஒருவர், அதாவது சுமார் 2,700 பேர் மட்டும் இந்த 60க்கு 40 விகிதத்தில் வாக்களிக்க வந்திருந்தாலே 537 என்ற வித்தியாசம் அழிந்திருக்கும்.

ஆகவே புளோரிடாவில் பழி பொய்யல்ல. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. அந்த மாநிலத்தில் நின்ற சின்னஞ்சிறு கட்சிகள் ஒவ்வொன்றும் 537க்கு மேல் வாங்கின. சோசலிசத் தொழிலாளர் கட்சி என்ற கட்சிக்கு விழுந்தவை 562. அதை யாரும் ஏசவில்லை. பாம் பீச் மாவட்டத்தில் பெயர்களை இரு பக்கமும் அச்சடித்து நடுவில் துளையிடச் சொன்ன குழப்பமான வாக்குச் சீட்டினால், கோருக்குப் போட நினைத்த பலர் பேட் புக்கானனுக்குத் துளையிட்டுவிட்டார்கள். அங்கே கிடைத்த 3,407 வாக்குகளில் பெரும்பகுதி தமக்குரியவை அல்ல என்று புக்கானனே சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, கோர் தமது சொந்த மாநிலமான டென்னசியில் தோற்றார். அந்த 11 தேர்வாளர் வாக்குகள் இருந்திருந்தால் புளோரிடா தேவையே இல்லை.

இன்னொரு பக்கத்தைப் பலர் சொல்வதில்லை. வலதுசாரியான புக்கானன் நின்றதால் புஷ்ஷும் இழந்திருக்கக்கூடும். விஸ்கான்சின், ஐயோவா, ஒரேகான், நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களில் கோர் வென்ற வித்தியாசத்தை விட புக்கானன் வாங்கிய வாக்குகள் அதிகம். நான்கும் சேர்ந்தால் 30 தேர்வாளர் வாக்குகள். பிரித்தவர் இரண்டு பக்கமும் இருந்தார். தோற்ற பக்கத்தில் இருந்தவர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பெரிய எண், சிறிய பாதிப்பு

வாக்கு எண்ணிக்கை பெரிதாக இருந்தால் பாதிப்பும் பெரிதாக இருக்கும் என்பதில்லை. 1992இல் டெக்சாஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ சுயேச்சையாக நின்று ஏறக்குறைய 19 விழுக்காடு வாங்கினார். கிளிண்டனுக்கு 43, அப்போதைய அதிபர் மூத்த புஷ்ஷுக்கு 37. பெரோதான் புஷ்ஷைக் கவிழ்த்தார் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் அன்று எடுத்த கருத்துக் கணிப்பில், பெரோ இல்லாவிட்டால் யாருக்குப் போட்டிருப்பீர்கள் என்ற கேள்விக்கு 38 விழுக்காட்டினர் புஷ் என்றும் அதே 38 விழுக்காட்டினர் கிளிண்டன் என்றும் சொன்னார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போடவே வந்திருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் சமமாக எடுத்தவர் யாரையும் தோற்கடிப்பதில்லை.

2016இல் ஹில்லரி கிளிண்டன் தோற்றதற்கும் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் மீது பழி போடப்பட்டது. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்றிலும் டிரம்ப்பின் வெற்றி வித்தியாசத்தை விட ஸ்டைனின் வாக்குகள் அதிகம் என்பது உண்மை. ஆனால் அதே மூன்று மாநிலங்களிலும் வலது பக்கம் சாய்ந்த லிபர்ட்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் ஸ்டைனை விடப் பல மடங்கு வாங்கியிருந்தார். ஒருவரை மட்டும் கணக்கில் எடுத்து இன்னொருவரை மறந்துவிட்டால் எந்த முடிவையும் நிரூபித்துவிடலாம்.

சிங்கப்பூரின் நான்கு டான்கள்

நம் வட்டாரத்தில் இதற்கு இணையான தேர்தல் என்றால் 2011 ஆகஸ்ட் 27ஆம் தேதி நடந்த சிங்கப்பூர் அதிபர் தேர்தல்தான். இங்கே ‘மூன்றாவது கட்சி’ என்ற பேச்சுக்கு இடமில்லை. சிங்கப்பூர் அதிபர் வேட்பாளர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. நின்ற நால்வரின் குடும்பப் பெயரும் டான். முன்னாள் துணைப் பிரதமர் டாக்டர் டோனி டான், மக்கள் செயல் கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் டான் செங் போக், அதே ஆண்டு மே மாதப் பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சி சார்பில் நின்ற திரு டான் ஜீ சே, என்டியுசி இன்கம் காப்புறுதி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் திரு டான் கின் லியன்.

வாக்குகள் நெருக்கமாக இருந்ததால் மறு எண்ணிக்கை நடந்தது; முடிவு வந்தபோது பொழுது விடியும் நேரம். வெளிநாட்டு வாக்குகளும் சேர்ந்த பிறகு டோனி டானுக்கு 745,693 வாக்குகள் (35.20 விழுக்காடு), டான் செங் போக்குக்கு 738,311 (34.85 விழுக்காடு). வித்தியாசம் 7,382. டான் ஜீ சே 530,441 வாக்குகளுடன் கால் பங்கைப் பெற்றார். டான் கின் லியனுக்கு 104,095. அது எட்டில் ஒரு பங்குக்கும் (12.5 விழுக்காடு) குறைவு என்பதால் 48,000 வெள்ளி வைப்புத் தொகையை இழந்தார்.

வைப்புத் தொகையை இழந்தவரின் வாக்குகள்கூட வெற்றி வித்தியாசத்தைப் போல 14 மடங்கு. நூற்றுக்கு 65 பேர் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தும், 35 பேரின் தேர்வே அதிபரானது. டான் செங் போக்கும் டான் ஜீ சேயும் ஒரே மாற்றத்தை விரும்பியவர்களின் ஓட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்ற வருத்தம் சிங்கப்பூரில் வெகுகாலம் பேசப்பட்டது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டான் செங் போக் 26 ஆண்டுகள் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவருக்கு விழுந்த வாக்குகளில் ஒரு பகுதி ஆளுங்கட்சிக்காரர்களுடையதாகவும் இருந்திருக்கும். அப்படியானால் அவர்தான் டோனி டானின் ஓட்டைப் பிரித்தார் என்றும் வாதாடலாம். பிரித்தவர் யார், பிரிக்கப்பட்டவர் யார் என்பது எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

2023இல் மும்முனைப் போட்டி. திரு தர்மன் சண்முகரத்தினம் 70.41 விழுக்காடு பெற்றார். திரு இங் கொக் சொங்குக்கும் திரு டான் கின் லியனுக்கும் கிடைத்ததைக் கூட்டினாலும் 30 விழுக்காட்டைத் தொடவில்லை. அந்த முறை ஓட்டுப் பிரிந்தது என்ற பேச்சுக்கு இடமே இல்லாமல் போனது. இதில் ஒரு சுவையான செய்தி, 2011இல் எதிரெதிரே நின்ற டான் செங் போக்கும் டான் ஜீ சேயும் இம்முறை டான் கின் லியனுக்கு ஆதரவாக வந்ததுதான்.

இரண்டாவது சுற்று போதுமா?

பாதிக்கு மேல் வாங்காதவர் அதிபராகக் கூடாது என்று சொல்லும் நாடுகள் இரண்டு வழிகளைக் கையாள்கின்றன. ஒன்று, முதல் இரு இடங்களில் வந்தவர்களை மட்டும் வைத்து மறுபடி தேர்தல் நடத்துவது. பிரான்சு இதைச் செய்கிறது. ஆனால் 2002இல் அங்கே 16 பேர் நின்றார்கள். இடதுசாரி வாக்குகள் ஏழெட்டுப் பக்கம் சிதறியதில், சோசலிசக் கட்சியின் பிரதமர் லியோனல் ஜோஸ்பான் சுமார் 195,000 வாக்குகளில் மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார். இரண்டாவது இடத்தைப் பிடித்தவர் தீவிர வலதுசாரியான ழான் மரி லெ பென். இடதுசாரிகளில் ஒருவரான கிறிஸ்தியான் தோபிரா மட்டுமே 660,000 வாக்குகள் வாங்கியிருந்தார். இரண்டாவது சுற்றில் இடதுசாரிகள் வேறு வழியின்றி ஷிராக்குக்கு வாக்களித்தார்கள். அவர் 82 விழுக்காட்டில் வென்றார். முதல் சுற்றிலேயே ஓட்டுப் பிரிந்துவிட்டால் இரண்டாவது சுற்று வந்து காப்பாற்றுவதில்லை.

மற்றொரு வழி விருப்ப வாக்கு. ஒரே சீட்டில் 1, 2, 3 என்று வரிசை போடுவது. முதல் விருப்பமானவர் வெளியேறினால் அந்த ஓட்டு இரண்டாவது விருப்பத்துக்குப் போகும். 1990இல் அயர்லாந்தில் பிரையன் லெனிகன் 44 விழுக்காடு வாங்கி முன்னணியில் இருந்தார். மேரி ராபின்சனுக்கு 39. மூன்றாவதாக வந்த ஆஸ்டின் கரி வெளியேற, அவருக்கு விழுந்த 17 விழுக்காட்டில் பெரும்பகுதி ராபின்சனுக்கு இரண்டாவது விருப்பமாகப் போனது. நாட்டின் முதல் பெண் அதிபர் அப்படித்தான் வந்தார். சிங்கப்பூரைப் போல ஒரே புள்ளடி முறை இருந்திருந்தால் லெனிகன் வென்றிருப்பார். அமெரிக்காவில் மேய்ன் மாநிலம் 2020 முதல் அதிபர் தேர்தலுக்கும் இம்முறையைப் பயன்படுத்துகிறது.

இலங்கையிலும் விருப்ப வாக்கு முறைதான். 1982இல் நடந்த முதல் அதிபர் தேர்தல் முதலே சீட்டில் மூன்று விருப்பங்கள் வரை போடலாம். 2019 வரை ஒவ்வொரு தேர்தலிலும் வென்றவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டியதால் இரண்டாவது எண்ணிக்கைக்குத் தேவையே வரவில்லை. அது வந்தது 2024 செப்டம்பர் 21ஆம் தேதி நடந்த தேர்தலில். அனுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915 வாக்குகள் (42.31 விழுக்காடு), சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. ரணில் விக்கிரமசிங்க மூன்றாவது.

அந்தத் தேர்தலில் மட்டக்களப்பு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் ‘தமிழ்ப் பொது வேட்பாளர்’ என்று சங்குச் சின்னத்தில் நின்றார். வெல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும். தமிழர் கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று காட்டவே நிற்கிறோம் என்றார்கள் அவரை நிறுத்தியவர்கள். தமிழரசுக் கட்சியோ சஜித்தை ஆதரிப்பதென்று முடிவெடுத்தது. தமிழர் ஓட்டைப் பிரிக்கிறார்கள் என்ற அதே பழைய குற்றச்சாட்டு இரு தரப்பிலிருந்தும் பறந்தது. அரியநேத்திரனுக்குக் கிடைத்தவை 226,343 வாக்குகள். யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு அடுத்து இரண்டாவது இடம். நாடளவில் அனுரவுக்கும் சஜித்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஏறக்குறைய 1.27 மில்லியன் என்பதால், அவர் நின்றதனால் முடிவு மாறியது என்று யாரும் சொல்ல முடியாது. தவிர, சங்குக்கு 1 போட்டவர் விரும்பினால் சஜித்துக்கு 2 போட்டிருக்கலாம். அந்தச் சீட்டு வீணாகியிருக்காது.

ஆனால் பெரும்பாலோர் அப்படிப் போடவில்லை. முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் விழுந்தவை சுமார் 3.3 மில்லியன் வாக்குகள். இரண்டாவது எண்ணிக்கையில் அவற்றிலிருந்து அனுரவுக்குக் கூடியவை 105,264, சஜித்துக்குக் கூடியவை 167,867. நூறு சீட்டுக்கு எட்டுதான் இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி 92 சீட்டுகளிலும் ஒரே ஒரு புள்ளடியோ, முதல் இருவரைத் தவிர்த்த எண்களோதான் இருந்தன.